மழைக்கும் புகைக்கும் நடுவில் நம்ம காடி: ரெங்கம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் ஒரு ஸ்பேர்பார்ட் கடை கவுண்டரில் 19 வருடமாக நிற்கிறேன். அதற்கு முன்னால் தோட்டத்தில் செம்பனைப் பழ லோரி ஓட்டினேன். நான் போர்மன், அதாவது வண்டி பழுதுபார்க்கிறவன், இல்லை. ஆனால் எந்த மாதம் எந்தச் சாமான் அதிகம் போகும், அதை வாங்க வருகிறவர் என்ன சொல்லிக்கொண்டு வருவார் என்பது எனக்கு மனப்பாடம். நவம்பரில் வைப்பர், தீபாவளிக்கு முதல் நாள் பிரேக் பேட், வெள்ளம் வடிந்த மறுநாள் சென்சார். கேள்விகளும் அப்படித்தான், வருடா வருடம் அதே கேள்விகள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாயிலேயே விட்டிருக்கிறேன். அவர்கள் வாயில் காடி என்றால் கார்.

அண்ணே, நம்ம நாட்டுல வருஷம் பூரா வெயிலும் மழையும்தான், இதுல காடிக்கு என்ன சீசன்?

பனி கிடையாது, அவ்வளவுதான். மற்றபடி சீசன் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஜொகூரில் அதன் உக்கிரம் டிசம்பர், ஜனவரியில் தெரியும், சில வருடம் மார்ச் வரை இழுக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி எல்லாம் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவே இல்லை. அப்புறம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் காலையில் நல்ல வெயில், மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காய்ந்த காலம். புகைமூட்டம் வந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசி மாதங்களில்தான் வரும்.

இதில் பலர் கவனிக்காதது, நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை. ரோட்டில் வாரக்கணக்கில் படிந்த தூசும் எண்ணெயும் அந்த முதல் கால் மணி நேரத்தில் சேறுபோல மேலே வரும். நம் பக்கம் அதோடு பழ லோரிகள் சொட்டிவிட்டுப் போனதும் சேரும். அடைமழையைவிட அந்தத் தூறலில் வழுக்கி வாய்க்காலில் இறங்கிய மோட்டார்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மழைக்கு முன்னால காடியைப் பார்க்கணும், கையில 300 வெள்ளிதான் இருக்கு. எதுல போடுறது?

டயர், வைப்பர், விளக்கு. இந்த வரிசையில். 300 வெள்ளிக்கு, அதாவது 300 ரிங்கிட்டுக்கு, நான்கு நல்ல டயர் வராது, ஆனால் மோசமாக இருக்கும் இரண்டையாவது மாற்றலாம். மாற்றும் புது டயர் இரண்டையும் பின்னால் போடுங்கள், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் சரி. முன்னால் வழுக்கினால் கார் நேராக ஓடும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். பின்னால் வழுக்கினால் கார் சுற்றிவிடும், அதைத் திருப்பிப் பிடிக்க எல்லோராலும் முடியாது.

மீதிக் காசில் ஒரு ஜோடி வைப்பர். நம் வெயிலில் அதன் ரப்பர் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. பிரேக் லைட் பல்பு சில வெள்ளிதான், ஆனால் அது அணைந்திருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இரவில் காரைச் சுவரோரம் பின்பக்கமாக நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள், சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இதற்குக் காசே வேண்டாம். இந்த மூன்றும் முடிந்த பிறகு ஸ்போர்ட் ரிம் பற்றிப் பேசலாம்.

டயர்ல பூ இன்னும் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு மாத்தச் சொல்றீங்க?

பூ, அதாவது டயரின் மேல் இருக்கும் வரிப்பள்ளம், இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். டயரின் குழிக்குள் குறுக்கே சிறிய மேடு இருக்கும், பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதுதான் 1.6. ஆனால் தண்ணீரை ஒதுக்கும் வேலையை டயர் அதற்கு முன்பே விட்டுவிடுகிறது. மழைக் காலத்துக்குள் நுழையும்போது 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்பது என் கணக்கு.

மீதிப் பாதி, வயது. டயர் ஓரத்தில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்த டயர். வாரம் ஒருமுறை குளுவாங் சந்தைக்கு மட்டும் போய்வரும் தாத்தாவின் காரில் பூ புதிதுபோல இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாகிப் பக்கவாட்டில் மயிர் மயிராக வெடித்திருக்கும். ஐந்து வருடம் ஆனால் வருடம் ஒருமுறை காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் பூவைப் பார்க்காமல் கழற்றுங்கள். செக்கன்ஹேன், அதாவது ஏற்கெனவே ஓடிய டயர் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள்.

காத்து எவ்வளவு அடிக்கணும்? மழைக்குக் கொஞ்சம் கம்மியா வச்சா பிடிமானம் கிடைக்கும்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் சேற்றில் போகும் போர்வீல் டிரைவைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். தார் ரோட்டில் காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மிதக்கும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். என்னைக் கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்க வேண்டாம். டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்கள், அதாவது வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் எண்ணெய் நிலையத்தில். ஸ்பேர் டயரை மறக்காதீர்கள். தேவைப்படும் நாளில் அது காற்றில்லாமல் கிடப்பது ஊர் வழக்கம், என் வீடும் விதிவிலக்கில்லை.

அடைமழையில டபுள் சிக்னல் போட்டுட்டுத்தானே ஓட்டணும்? ஹைவேல எல்லாரும் அப்படித்தான் போறாங்க.

எல்லோரும் தவறாகப் போகிறார்கள். டபுள் சிக்னல், இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றாக மின்னி, கார் நின்றுவிட்டது என்று சொல்லும் விளக்கு. ஓடும்போது அதைப் போட்டால் நீங்கள் ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. பல கார்களில் அது எரியும்போது இடம் வலம் காட்டவும் முடியாது. லேன் மாறுகிறீர்கள், யாருக்கும் தெரியவில்லை.

மழையில் போட வேண்டியது முன்விளக்கு, தாழ்ந்த வெளிச்சம். முன்னால் சின்னப் பகல்விளக்கு மட்டும் எரிந்தால் பல கார்களில் பின்விளக்கு எரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முன்னால் ஒன்றுமே தெரியாத அளவுக்கு மழை என்றால் ஓட்டவே கூடாது. அடுத்த ஓய்வுப் பகுதியிலோ எண்ணெய் நிலையத்திலோ ஒதுங்குங்கள், அவசரத் தடத்தில் வேண்டாம். அங்கே நின்ற பிறகு டபுள் சிக்னலைத் தாராளமாகப் போடுங்கள்.

தண்ணி தேங்கின இடத்துல போறப்ப ஸ்டீரிங் திடீர்னு லேசாயிடுச்சு, அது பவர் ஸ்டீரிங் கோளாறா?

இல்லை, நீங்கள் அந்த நொடியில் ரோட்டில் இல்லை, தண்ணீர்மேல் இருந்தீர்கள். வேகம் கூடக்கூட டயரால் தண்ணீரைத் தள்ளி முடியாமல் ஒரு மெல்லிய படலத்தின்மேல் ஏறிவிடுகிறது. பூ தேய்ந்த டயரில் இது சீக்கிரமே நடக்கும், மேலே டயருக்கு அவ்வளவு வளவளத்தது இதற்காகத்தான். அப்படி ஆனால் பிரேக்கைக் குத்தாதீர்கள், ஸ்டீரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு ஸ்டீரிங்கை நேராகப் பிடியுங்கள், பிடிமானம் தானாக வரும். குரூஸ் கண்ட்ரோல் உள்ள கார் என்றால் மழையில் அதை அணைத்து வையுங்கள்.

முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் இடைவெளி எவ்வளவு என்றால், அது ஒரு கம்பத்தைத் தாண்டியதும் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணுங்கள். காய்ந்த ரோட்டில் இரண்டு வரை, மழையில் நான்கு வரை. 90இல் போகும்போது ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறீர்கள், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் முடிந்துவிடும்.

வெள்ளத்துல எவ்வளவு ஆழம் வரைக்கும் மைவி போகும்?

மைவி மாதிரிச் சின்னக் கார் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்கி நிற்கும் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கீழே இருந்தால், தெரிந்த ரோடாக இருந்தால், முதல் கியரில் நிற்காமல் மெதுவாகப் போய்விடலாம், அலை எழுப்பக் கூடாது. ஓடும் தண்ணீர் வேறு கதை. 30 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீரே சிறிய காரைத் தூக்கி நகர்த்தப் போதும். லோரி போகிறதே என்று பின்னாலேயே போகிறவர்கள், லோரியின் எடையையும் உங்கள் காரின் எடையையும் ஒருமுறை யோசியுங்கள். தோட்டத்துப் பாலங்கள் இன்னும் மோசம், தண்ணீருக்கு அடியில் பாலம் அப்படியே இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. நான் லோரி ஓட்டிய காலத்தில் எங்கள் தண்டல், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், அந்த மாதிரி நாளில் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். அப்போது அவர்மேல் கோபம் வரும்.

தண்ணீரைத் தாண்டி வந்ததும் பிரேக்கை லேசாக நாலைந்து தரம் அழுத்திக் காய வையுங்கள்.

வாசல்ல நின்ன காடி ராத்திரி மூழ்கிடுச்சு. தண்ணி வடிஞ்சிடுச்சு, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். சாவியை ஒரு கட்டைகூடத் திருப்ப வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அது காற்றுப்போல் நசுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்தால் பிழைக்க வேண்டிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தே கொன்றவர்கள் நம் ஊரில் கொஞ்சப் பேர் இல்லை.

முதலில் தண்ணீர் எதுவரை வந்தது என்பது தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் உள்ளேயும் படம் எடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். ஹைபிரிட் கார் என்றால் அதுவும் வேண்டாம், ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே போகாதீர்கள். காப்புறுதி நிறுவனத்தைக் கூப்பிட்டு இழுத்துப் போகச் சொல்லுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபுல் இன்சூரன்ஸ்தான் எடுத்திருக்கேன், வெள்ளத்துக்குக் காசு வந்துடும்ல?

வராது, நீங்கள் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய. முழுக் காப்புறுதி என்பது மோதல், திருட்டு, தீ இவற்றுக்கு. வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுவது போன்றவற்றுக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் என்று ஒரு சேர்க்கை உண்டு, கூடுதல் சந்தா கட்டி வாங்க வேண்டும். பொதுவாகக் காப்புறுதித் தொகையில் அரை சதவீதம் அளவில்தான் வரும். 30,000 வெள்ளிக் காருக்கு 150 வெள்ளி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எனக்கே இது நடந்தது. ஒரு வருடம் ரோட் டேக்ஸோடு காப்புறுதியையும் புதுப்பிக்கும்போது கவுண்டரில் இருந்தவர் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வெள்ளம் வந்த பிறகுதான் அந்த வரியே அதில் இல்லை என்று தெரிந்தது. இப்போது காப்புறுதி அட்டவணைத் தாளை வாங்கியதும் முதலில் அதைத் தேடுகிறேன். இன்னொன்று, வீட்டில் நின்ற கார் மூழ்குவது வேறு, தெரிந்தே வெள்ளத்தில் இறக்கியது வேறு. இரண்டாவதில் நிறுவனம் தகராறு பண்ணும்.

மழையில கண்ணாடி உள்பக்கம் வெள்ளையா மூடிக்குது, துணியால துடைச்சுக்கிட்டே ஓட்டுறேன்.

துணியைக் கீழே வையுங்கள், ஏர்கோனைப் போடுங்கள். உங்கள் மூச்சில் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. ஏர்கோன் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும், காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளியும். வைப்பர் போட்டால் போகிறது என்றால் மூடியிருப்பது வெளிப்பக்கம், கார் உள்ளே ரொம்பக் குளிர்ந்துவிட்டது. அப்போது காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டுக் குளிரைக் குறையுங்கள்.

தோட்டத்துக்குள்ள செம்மண் ரோட்டுலதான் தினமும் போய் வர்றேன். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினா போதும்னு பாட்டில்ல போட்டிருக்கே?

அந்தப் பாட்டிலில் எழுதியவர் நம் செம்மண்ணைப் பார்க்கவில்லை. காரோடு வந்த புத்தகத்தைத் திறந்தால் கடினமான ஓட்டம் என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். தூசு ரோடு, அடிக்கடி குறுந்தூரம், எஞ்சின் ஓட நின்றுகொண்டே இருப்பது எல்லாம் அதில் வரும். தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து தோட்ட ஆபீஸ், அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு என்று ஓட்டுகிறவர்கள் அந்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். செமி சிந்தெடிக் என்றால் 7,000இல் மாற்றுங்கள், ஓட்டம் குறைவு என்றால் ஆறு மாதம்.

ஆயிலைவிட ஏர் ஃபில்டர்தான் இந்த ரோட்டில் முதலில் சாகும். காய்ந்த மாதங்களில் மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் தட்டுங்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது போடுங்கள். மழைக் காலத்தில் செம்மண் காருக்கு அடியில் ஒட்டிக் காய்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். மேலே மெழுகு பூசும் நேரத்தில் பாதியை அடியில் தண்ணீர் அடிக்கச் செலவிடுங்கள். அப்சார்பர், புஷ், லோவர் ஆர்ம் எல்லாம் நம் பக்கம் டவுன்காரர்களைவிடச் சீக்கிரம் போகும், அதற்கு வைத்தியம் மெதுவாகப் போவதுதான்.

எலி வயரைக் கடிச்சுடுச்சுண்ணே, இது மூணாவது தடவை. என்னதான் பண்றது?

செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தோட்டங்களில் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகை ஆந்தைகளைக் குடிவைக்கிறார்கள், எலியைத் தின்னட்டும் என்று. வீட்டு வாசலுக்கு அந்த வசதி இல்லை. எலிக்கு வேண்டியது இரவில் சூடான, இருட்டான மூலை, உங்கள் எஞ்சின் அதற்கு ஹோட்டல் மாதிரி.

கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாய்ச் சோறு, கோழித் தீவனம், குப்பைப் பை வைக்காதீர்கள். பானெட்டைத் திறந்து சருகு, கொட்டை, எலிப் புழுக்கை இருந்தால் எடுங்கள், மூத்திர வாடை இருந்தால் கழுவச் சொல்லுங்கள், அந்த வாடைக்கே மறுபடி வரும். மிளகாய்த்தூள், நாப்தலின் உருண்டை, பாண்டன் இலை எல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிலருக்கு ஒரு வாரம் வேலை செய்கிறது, அவ்வளவுதான். கடிபட்ட இடத்துக்குப் போர்மன் டேப் மட்டும் சுற்றித் தந்தால் திருப்பி அனுப்புங்கள். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் தோல் உரிந்த வயர் தீப்பிடிக்கும்.

ரேடியேட்டருக்குப் பைப் தண்ணி போதாதா? நம்ம ஊர்ல என்ன, பனியா பெய்யுது?

கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. தண்ணீர் கொதிக்கும் அளவை அது உயர்த்துகிறது, உள்ளே துரு பிடிக்காமல் காக்கிறது. பைப் தண்ணீரிலேயே ஓட்டினால் கொஞ்ச வருடத்தில் வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் பழுப்புச் சேறாகும். கலந்து வரும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றுங்கள், கெட்டியாக வருவதைப் பாட்டிலில் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். நடுக்காட்டில் தண்ணீர் குறைந்து வேறு வழியில்லை என்றால் குடிதண்ணீரை ஊற்றி வீடு வாருங்கள், மறுநாள் மாற்றுங்கள்.

சூடு முள் ஏறினால் ஏர்கோனை அணைத்து ஓரம் கட்டுங்கள். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியைத் திறக்கக் கூடாது. எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியவரின் முன்கையில் அந்த அவசரத்தின் தழும்பு இருக்கிறது.

பேட்டரி வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது, காலையில டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது.

இரண்டு வருடம் என்றால் அது தன் கடனைச் செய்துவிட்டது. நம் சூட்டில் ஒன்றரை, இரண்டு வருடம்தான் சராசரி. எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 13.5லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12தான் என்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள், ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

ஜம்பர் மாட்டும்போது சிவப்பைச் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்லதின் பாசிட்டிவில், கறுப்பை நல்லதின் நெகட்டிவில், கடைசி முனையைச் செத்த காரின் எஞ்சின் இரும்பில். கடைசி முனையில் பொறி பறக்கும், அதனால்தான் பேட்டரியைவிட்டுத் தள்ளி.

புகைமூட்டத்துல ஏர்கோன் போடலாமா, ஜன்னலைத் திறக்கலாமா?

ஜன்னலை மூடி, ஏர்கோனை உள்காற்றுச் சுற்றில் போடுங்கள். 2015, 2019 மாதிரிப் புகை வந்தால், அதாவது காற்று மாசுக் குறியீடான ஐபியு 200ஐத் தாண்டினால், அவசியம் இல்லாமல் வெளியே போகவே வேண்டாம். நெடுந்தூரம் என்றால் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் வெளிக்காற்று விடுங்கள், அடைத்த காற்றில் தூக்கம் வரும். டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது, புகை போனதும் அதை மாற்றுங்கள். வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் கழற்றியதும் மூக்கைப் பொத்துகிறார்கள். முன்விளக்கு விஷயம் மழைக்குச் சொன்னதுதான், டபுள் சிக்னலுக்கும் அதே பதில்.

ஹைலக்ஸ் வச்சிருக்கேன், டீசல்ல செம்பனை எண்ணெய் கலக்குறாங்களாமே, மழைக் காலத்துல ஏதும் பார்க்கணுமா?

பி10 என்று பம்பில் போட்டிருந்தால் நூற்றுக்குப் பத்து பங்கு செம்பனையிலிருந்து வந்தது. அது சாதா டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாமல் வடியுங்கள், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் டேங்கை நிறைத்து வையுங்கள்.

பழ லோரி பின்னால மாட்டிக்கிட்டா வெட்டி முந்தவே முடியல. என்ன பண்றது?

நான் ஓட்டியவன், அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன். உங்களுக்கு லோரிக்காரரின் சைடு கண்ணாடி தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்கள் தெரியவில்லை. ஒட்டிப் போனால் முன்ரோடும் தெரியாது, பழக்குலை விழுந்தால் ஒதுங்க இடமும் இருக்காது. ஒரு குலை இருபது கிலோகூட இருக்கும், முன்கண்ணாடிக்கு அது போதும். பின்வாங்கி இருந்தால் ரோடு தானாகத் தெரியும்.

குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கி போகும் 91ஆம் ரோட்டிலும், மெர்சிங் போகும் 50ஆம் ரோட்டிலும் இரட்டைக் கோட்டில் வெட்டி முந்துகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். 90 வரையறை உள்ள ரோட்டில், அதுவும் பண்டிகைக் காலத்தில் 80 ஆகக் குறைத்திருக்கும்போது, 60இல் போகும் லோரியின் பின்னால் பத்து கிலோமீட்டர் போனால் உங்களுக்குப் போவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். லோரிக்காரர் வலது சிக்னல் போட்டால் போ என்கிறாரா வராதே என்கிறாரா திரும்புகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது, அதை நம்பி ஏறாதீர்கள்.

காஹாங் ரோட்டுல ராத்திரி யானை நிக்குது, மாடு நிக்குது. ஹாரன் அடிக்கலாமா?

மாட்டுக்கு அடிக்கலாம், யானைக்கு வேண்டாம். தூரத்திலேயே நில்லுங்கள், விளக்கைத் தாழ்த்துங்கள், பின்னால் வண்டி இல்லை என்றால் மெதுவாகப் பின்வாங்குங்கள், படம் எடுக்க இறங்காதீர்கள். ஒன்று கடந்துவிட்டால் கிளம்பிவிடாதீர்கள், குட்டியோ கூட்டமோ பின்னால் வரும். அந்த ரோட்டில் இரவு 70க்குமேல் போகாமல் இருப்பது நல்லது, விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிய வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போறோம், காவடி முடிச்சு உடனே திரும்பிடலாம்னு இருக்கோம். காடி நல்லாத்தான் இருக்கு.

காடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, ஓட்டுகிறவரைப் பற்றித்தான். இங்கிருந்து பத்துமலை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முதல் நாள் மாலை கிளம்பி, இரவு முழுக்க நடந்து, படி ஏறி இறங்கி, விடியற்காலை ஸ்டீரிங்கைப் பிடித்தால் சிரம்பான் தாண்டும் முன் கண் செருகும். ஜன்னலைத் திறப்பது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது எதுவும் தூக்கத்தை நிறுத்தாது. விரதம் இருந்து காவடி எடுத்தவர் ஓட்டவே கூடாது. ஓட்டப்போகிற ஒருவர் அன்று இரவு எங்காவது படுத்துத் தூங்கட்டும், அதுவும் ஒரு சேவைதான். வழியில் தூக்கம் வந்தால் ஓய்வுப் பகுதியில் இருபது நிமிடம் படுங்கள், படுப்பதற்கு முன்னால் ஒரு காப்பி குடித்தால் எழும்போது அது வேலை செய்யும்.

பின்சீட்டில் பெல்ட் 2009 ஜனவரி முதல் கட்டாயம், சிறு பிள்ளைகளுக்கான இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். மாமி மடியில் வைத்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். 60இல் போகும் கார் திடீரென நின்றால் மடியில் இருக்கும் பிள்ளையை எந்த மாமியாலும் பிடிக்க முடியாது.

தீபாவளி அன்னிக்கு ரெண்டு பாட்டில்தான் குடிச்சேன், வீடும் பக்கத்துலதான்.

2020இல் சட்டத்தை மாற்றி இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று அளவைக் குறைத்துவிட்டார்கள். முதல் முறைக்கே 10,000லிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. வீடு பக்கத்தில்தானே, நடந்து போங்கள்.

ஹைவேல டயர் வெடிச்சா?

பிரேக் வேண்டாம், ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். தண்ணீர்மேல் மிதக்கும்போது சொன்ன அதே முறைதான் இங்கேயும், காலை மெதுவாக எடுங்கள். இடப்பக்கம் முடிந்த அளவு ஒதுங்கி, எல்லோரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குள்ளேயும் காருக்குப் பின்னாலும் நிற்கக் கூடாது. வலப்பக்கச் சக்கரத்தை அங்கேயே மாற்ற முயல வேண்டாம், ஹைவே ரோந்து வண்டியைக் கூப்பிடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 999. சிறிய ஸ்பேர் டயர் போட்டிருந்தால் அதில் 80க்குமேல் போகக் கூடாது.

வெள்ளத்துல மூழ்கின காடியைக் கழுவி விக்கிறாங்களாமே, செக்கன்ஹேன் வாங்கறப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் கஷ்டமான கேள்வி, ஏனென்றால் கழுவுகிறவர்கள் நன்றாகக் கழுவுகிறார்கள். விலை ஊர் விலையைவிட மிகக் கீழே இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வாசனைத் திரவம் மூக்கைத் துளைத்தாலும் கேளுங்கள். ஏர்கோனைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள், வாசனைக்கு அடியில் சேற்று வாடை வரும். சீட் தண்டவாளத்தின் திருகாணிகள், பெடலின் மேல்பகுதி, ஸ்பேர் டயர் குழி எல்லாம் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். பழைய காரில் கம்பளம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அது நல்ல செய்தி இல்லை. முன்விளக்குக்குள் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கடைசியாக, முன்சீட் பெல்ட்டை மெதுவாக, முடிகிற மட்டும், முழுக்க வெளியே இழுங்கள். வெளியே தெரியும் பாகத்தைத்தான் கழுவுவார்கள். போன வருடம் ஒரு தம்பி பளபளக்கும் ஆக்சியா கார் ஒன்றைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி எப்படி அண்ணே என்றான், முன்பணம் இன்னும் கட்டவில்லை. பெல்ட்டை இழுத்தோம். கடைசி இரண்டு சாணில் காய்ந்த செம்மண் கோடு.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டான்.